எறும்புக்கு இரண்டு பந்தி

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

குறைமாதத்தில் பிறந்த பேரன் இன்னும் சேலம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறான். எடை கூடினால் அரூருக்கு, இங்கே அனுப்புவார்கள். தொட்டில் போடவேண்டிய அறையிலோ சுவரோரம் எறும்புச் சாரை. மகள் காவியா போனில் சொல்லிவிட்டாள்: "எறும்பு போவலைன்னா மாமியார் வூட்டுக்கே போயிடறேம்பா."

மருந்துக்கடை பச்சியப்பனிடம் போரிக் பவுடர் வாங்கினேன். "சர்க்கரைத் தண்ணியில கொஞ்சூண்டு கலந்து பஞ்சுல நனைச்சு வைங்க சார். அங்கியே சாவக்கூடாது. உசுரோட புத்துக்குப் போயி ராணிக்கு ஊட்டணும்."

விருந்து வைத்துக் கொல்லும் ஏற்பாடு.

14, வியாழன்

மொய்க்கின்றன. துடைக்காதே என்று மனைவி தீர்த்தம்மாளிடம் சொன்னேன். அவள் அந்தப் பஞ்சைப் பார்த்த பார்வை சரியில்லை.

17, ஞாயிறு

பஞ்சில் ஒன்றுகூட இல்லை. சாரை மட்டும் அதைத் தாண்டி ஜன்னல் பக்கம் போகிறது. போலிச் சரக்கா? பச்சியப்பனிடமே கேட்டேன். "வேற எங்கியோ கல்யாணப் பந்தி நடக்குதுங்க. கஞ்சிக்கு யாரு வருவா?" என்று சிரித்தான். பேச்சை மாற்றுகிறானா?

வீட்டு டப்பாக்கள் எல்லாம் இறுக மூடியிருக்கின்றன. நானே பார்த்தேன். அப்படியானால் போடுவது யார்?

20, புதன்

ரவை பாதிக்குமேல் காணோம். உப்புமா ஒருநாளும் கிண்டவில்லை. கேட்டால், "ரவைக்கெல்லாம் நிருபர் வேலையா?" என்று தீர்த்தம்மாள் உள்ளே போய்விட்டாள். கேள்விக்குப் பதில் கேள்வி. நிருபராக இருந்த காலத்தில் இப்படிப்பட்டவர்களை நான் விட்டதில்லை.

23, சனி

விடிந்ததும் தீர்த்தம்மாள் பின்னாலேயே போனேன். அதே ஜன்னலுக்கு வெளியே, சுவரடியில், ரவையும் சர்க்கரையும் தூவிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கெழமை எறும்புக்குப் போட்டா புள்ளைக்குத் தோஷம் போவும்னு ஜோசியர் சொன்னாரு. நீங்க அதுங்களுக்கே வெசம் வெக்கிறீங்க. அந்தப் பாவம் யாரு தலையில வுழும்?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் தூவுவது பேரனுக்காக.

"ஏரிக்கரையில போடேன்."

யோசித்தாள். "அந்த எறும்புக்கு வெசம் வெக்கமாட்டீங்களே?"

"மாட்டேன்."

நம்பினாளா, தெரியவில்லை.

26, செவ்வாய்

பஞ்சில் மறுபடி கூட்டம்.

6 செப்டம்பர், சனி

சுவர் வெறிச்சென்று இருக்கிறது. பஞ்சுகளை எடுத்துப் புதைத்துவிட்டுத் தரையைக் கழுவினேன். திங்கட்கிழமை அனுப்புகிறார்களாம். கூட்டிவர தீர்த்தம்மாள் நேற்றே சேலம் போய்விட்டாள். ஏரிக்கரை எறும்புக்கு இன்று போட ஆள் இல்லை.

காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, ரவையைத் தூவினேன். சர்க்கரை கொஞ்சம் கூடவே.