பயிற்சிக்குப் போ, ரோசி

சேசு மரி சூசை

ஒதியம்பட்டு
26-9-1986

அன்பு மகள் ரோசிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் தம்பி பாஸ்கலும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆகையால் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பச்சைப் பிள்ளையும் சம்பந்தி அம்மாவும் மாதா கிருபையில் நல்லபடி இருக்க வேண்டும். பிள்ளையின் போட்டோ வந்து சேர்ந்தது. அப்பாவின் நெற்றி அப்படியே இருக்கிறது. பாஸ்கல் அதை அப்பா படத்தின் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறான். அப்பா போனதிலிருந்து எனக்குச் சோறாக்க அளவு தெரியவில்லை, மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டு மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன், காலையில் அதையும் தின்ன ஆள் இல்லை. பாஸ்கல் திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனிக்கு ஷிப்டு போகிறான், வந்தால் படுக்கிறான், அவனைக் குறை சொல்ல முடியாது. மாட்டை விற்றுவிட்டோம். தண்ணீர் காட்ட வாளி தூக்க என்னால் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை மகளுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் அது ஒன்றுதான் பதில்.

நீ கேட்டது ஒன்று, அப்பாவை அடக்கம் பண்ணும்போது நான் ஏன் கல்லறைக்குப் போகவில்லை, பாதி வழியில் ஏன் திரும்பினேன் என்று. உன் அத்தை காசம்மாள் உனக்கு எழுதியிருக்கிறாள், எழுதட்டும், கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவள். அன்றைக்கு ஊரே கேட்கத்தான் சொன்னாள், "புருஷனுக்கு ஒரு பிடி மண்ணு போடக்கூட மனசு வர்ல பாரு, வூட்டுக்கு இன்னா அவசரம் இவளுக்கு" என்று. இரண்டாவது, பிள்ளை பெற்ற பிறகு உன்னை மருத்துவச்சியிடம் இடுப்புக்கு அடியில் தாங்குகிற சதைக்குப் பயிற்சி எடுக்க அந்தச் சீமை டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பது. அது குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வேலை, பாவம், போகாதே என்று சம்பந்தி அம்மா சொல்கிறார்கள். உனக்கும் கூச்சமாக இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் இல்லையே அம்மா, எதற்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாய்.

சம்பந்தி அம்மா நினைத்ததைத்தான் அன்றைக்கு நாங்களும் நினைத்தோம். பாஸ்கல் பிறந்த வருஷம் எங்கே பார்த்தாலும் கர்ப்பத் தடைக்கு லூப்பு வைக்கிற பேச்சு, சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம். ஜீப் சத்தம் கேட்டால் போதும், எங்கள் தெரு பெண்பிள்ளைகள் எல்லாம் கரும்புக்குள் ஓடிவிடுவோம். சாமியாரும் பிரசங்கத்தில் ஜாக்கிரதை என்று சொல்லியிருந்தார். அந்த ஜீப்பில் வந்த நர்சம்மா ஒருத்தி, பிள்ளை பெற்றவர்களைக் கூட்டி உட்கார வைத்து, அடியை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சி சொல்லிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள், அதை யார் நம்பினது. நானும் பாஸ்கலை முந்தானையில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். நம் எதிர் வீட்டு செல்லக்கண்ணுவுக்குக் கால் ஊனம், அவளால் ஓட முடியவில்லை, மாட்டிக்கொண்டாள். வேறு வழி இல்லாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். சாயந்தரம் நாங்கள் போய் உனக்கு உள்ளே என்னடி வைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். அவள் எங்களை விடப் பிள்ளை அதிகம் பெற்றவள், இன்றைக்கும் நடவுக்குப் போகிறாள், தும்மினால் காலை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நான் பச்சை உடம்போடு சேற்றில் இறங்கினேன். குத்துக்காலிட்டுக் களை பறித்தது, நாற்றுக்கட்டு தூக்கினது, வயிறு தொங்கக்கூடாது என்று உன் ஆயா புடவையை இறுக்கி இறுக்கிக் கட்டினது, எல்லாம் சேர்ந்து கீழே தள்ளியிருக்கிறது. முதலில் இருமினால் மூத்திரம் சொட்டும், பெற்றவளுக்கு இது சகஜம் என்றார்கள். பிறகு சாயந்தரமானால் என்னவோ கீழே இறங்கினாற்போல் பாரம். பிறகு ஒரு நாள் குளிக்கும்போது கைக்கே தட்டுப்பட்டது. கர்ப்பப்பை இறங்கிவிட்டது ரோசி. துணியை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடினேன், படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வந்துவிடும். வில்லியனூர் மாதா தேர் பின்னால் நடப்பதை நிறுத்தினேன், பஸ்சில் நின்றுகொண்டு வருவதை நிறுத்தினேன். அம்மாவுக்கு எங்கேயும் வர சோம்பல் என்று நீ கோபித்துக்கொள்வாய்.

அப்பாவிடமும் சொன்னதில்லை. பக்கவாதம் வந்து அவர் படுத்த பிறகு தூக்கி உட்கார வைக்க, துணி மாற்ற, புரட்ட எல்லாம் நான்தான். பாஸ்கல் வேலைக்குப் போன பிறகு வேறு யார் இருக்கிறார்கள். ஒரு நாள் மத்தியானம் அவர் நனைத்துக்கொண்டார், நான் அக்குளில் கை கொடுத்தேன், நல்லாயிருக்கிற கையால் என் கையைத் தள்ளிவிட்டார். வாய் குழறிக் குழறி, "தூக்காத அன்னாமேரி, உனக்கு இறங்குது, நான் அப்டியே கெடக்கறேன்" என்றார். எத்தனை வருஷமாகத் தெரியுமோ அவருக்கு. பாஸ்கல் வரும்வரை ஈரத்திலேயே கிடந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்தன்று கோயிலில் பூசை முடிந்து எல்லோரோடும் நடந்தேன். வாய்க்கால் மதகு வரைக்கும்தான் முடிந்தது. முழுக்க வெளியே வந்துவிட்டது, துணி நனைந்து காலில் ரத்தம் இறங்கியது. வெள்ளைப் புடவை. நான் திரும்பி வந்துவிட்டேன், இவ்வளவுதான் விஷயம். செல்லக்கண்ணு மட்டும் பின்னாலேயே வந்து, ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவள்தான் அப்புறம் என்னைப் புதுச்சேரிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். லேடி டாக்டர் உன் வயசுப் பெண். இப்போதைக்கு உள்ளே ரப்பர் வளையம் வைத்திருக்கிறார்கள், பனி காலம் போனபின் ஆப்பரேஷன் பற்றிப் பார்க்கலாம் என்றாள். பயிற்சியும் சொல்லிக் கொடுத்தாள். மூத்திரத்தையும் வாயுவையும் அடக்குவதுபோல அடியை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், பிறகு முழுக்கத் தளர்த்தி விட வேண்டும், மூச்சை அடக்கக்கூடாது, வயிற்றை முக்கக்கூடாது. எனக்கு எண்ணிக்கை தவறிவிடுகிறது என்று செபமாலை சொல்லும்போதே செய்கிறேன், அருள் நிறைந்த மரியே சொல்லும்போது பிடிக்கிறேன், அர்ச்சிஷ்ட மரியாயே வரும்போது விடுகிறேன். பாவமோ என்னவோ, சாமியாரிடம் கேட்கவில்லை. மாதாவும் ஒரு பிள்ளை பெற்றவர்தானே.

இறங்கினபின் இதனால் பாரம் கொஞ்சம் குறையும், முழுக்க ஏறாது, பிள்ளை பெற்ற கையோடு செய்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்று டாக்டர் சொன்னாள். ஒன்றும் இல்லையே, எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறாயே, ஒன்றும் இல்லாதபோது போவதற்குத்தான் அது. அங்கே கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள், நீ கரும்புக்குள் ஓடாதே. மருத்துவச்சியும் பெண்தான், கண்ணை மூடிக்கொண்டு போய்விட்டு வா. வேதத்துக்கு விரோதம் ஒன்றும் இல்லை, அடுத்த பிள்ளை பெறத்தான் உடம்பைச் சரிபண்ணுகிறார்கள். கருவாட்டோடும் லேகியத்தோடும் நான் கொடுத்தனுப்பின பழம் புடவையை வயிற்றில் இறுக்கிக் கட்டாதே, பிள்ளைக்குத் தூளி கட்டு. பிள்ளையைத் தவிர வேறு பாரம் தூக்காதே. கீரை, பழம் தின்னு, மலச்சிக்கல் வரவிடாதே, முக்கினாலும் இறங்கும்.

சம்பந்தி அம்மாவை எதிர்த்துப் பேசாதே. சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், சீமை பார்த்தவர்கள் என்று உன் கல்யாணத்தில் நான் அவர்களிடம் பயந்து பயந்து பேசினேன். ஆனால் ஒன்று கவனித்தேன். பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டபோது நாங்கள் சம்பந்திகள் இரண்டு பேர்தான் பெஞ்சிலேயே இருந்தோம். எனக்கு முட்டிவலி என்றேன், எனக்கும் முட்டிவலிதான் என்றார்கள். எழுந்திருக்கும்போது என்னைப் போலவே முந்தானையை முன்னால் பிடித்துக்கொண்டு, காலை ஒட்டி வைத்து, மெதுவாக எழுந்தார்கள். முட்டிவலிக்காரர்கள் அப்படி எழ மாட்டார்கள். ஆகையால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டாம், சம்பந்தி அம்மாவிடம் மட்டும் தனியாகப் படித்துக் காட்டு. படித்துவிட்டு நீ ஒன்றும் கேட்காதே. துணைக்கு வாங்க அத்தை என்று மட்டும் கூப்பிடு.

காசம்மாள் அத்தைக்கும் பதில் எழுதிச் சண்டை பிடிக்க வேண்டாம். கல்லறைத் திருநாளைக்கு எப்படியும் நடந்து போவதாக இருக்கிறேன். செல்லக்கண்ணு கூட வருகிறாள், அவள் நடைக்கு என் நடை சரியாக இருக்கும், மதகில் உட்கார்ந்து உட்கார்ந்து போவோம். அப்பாவுக்கு இன்னும் போடாத அந்த ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, உங்கள் மகள் பயிற்சிக்குப் போகிறாள் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவருக்குத்தான் விஷயம் தெரியும். அதற்குள் உன் கடிதம் எனக்கு வந்துவிட வேண்டும் ரோசி, பொய் சொல்ல வைக்காதே.

உன் பிள்ளை நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மாதா உன்னை உள்ளும் புறமும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
த. அன்னாமேரி