தந்தி வந்த அத்தியாயம்

இன்று காலை புத்தகங்களுக்கு உறை போடுவதற்காகக் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். வெந்த மாவின் வாசனை எழுந்ததும், கொழும்பு வெள்ளவத்தை வீட்டு அறையும் கறுப்புக் கடதாசி ஒட்டிய ஜன்னலும் நினைவுக்கு வந்தன. பிறகு நீர் வந்தீர், சிநேகிதி, கையில் கத்திரிக்கோலோடு.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலத்தில் காய்ச்சிய பசையில் பாதி, வெளிச்சம் வெளியே தெரியாமல் மறைக்கும் ஜன்னல் கடதாசிக்கு, பாதி உம்முடைய கதைக்கு. எழுதிய அத்தியாயத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தரையில் பரப்புவீர். ஒழுங்கை மாற்றி மாற்றிப் பார்த்து, மனம் ஒப்பிய பிறகுதான் ஒட்டுவீர். ஒரு துண்டை எடுத்தால் அடுத்தது விழவேண்டும், விழாவிட்டால் எடுத்தது கதைக்குத் தேவையே இல்லை என்பது உம்முடைய கட்சி. "நீர் பிறகு, பிறகு எண்டு எழுதுறீர். அதாலை என்ன நடந்தது எண்டு எழுதும்" என்று என்னைக் குட்டாத நாளில்லை. நாமிருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம், ஒரே சம்பளம் வாங்கினோம். ஆனாலும் குட்டும் உரிமை உமக்குத்தான் என்று நீரே தீர்மானித்திருந்தீர்.

கொட்டாஞ்சேனையில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகையில் உம்முடைய தொடர்கதை ஓடியது. மலாயாவில் வேலை செய்யும் கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. அதற்காக நீர் வெளியே தேடிப்போகவில்லை. உம்முடைய கணவரே அங்கே ரெயில்வேயில் இருந்தார். தம்பியின் கலியாணத்துக்கு நீர் கப்பலேறி வந்த கையோடு சண்டை வந்தது. சிங்கப்பூர் விழுந்ததும் கடிதமும் நின்றது. கொழும்பில் குண்டு விழுந்து சனமெல்லாம் யாழ்ப்பாண ரெயிலுக்கு முண்டியடித்தபோதும் உம்முடைய மாமி, கணவரின் தாய், அசையவில்லை. "என்ரை பிள்ளை தந்தி அடிச்சால் இந்த விலாசத்துக்குத்தான் அடிப்பான்" என்றார். அதனால் நீர் இருந்தீர். நீர் இருந்ததால் நானும் உம்மோடு அந்த வீட்டில் இருந்தேன்.

நீர் கதை எழுதுவது மாமிக்குத் தெரியாது. ஆண்பெயருக்குள் ஒளிந்துகொண்டு எழுதினீர். கதவைச் சாத்திக்கொண்டு நாம் செய்வதெல்லாம் பள்ளிக்கூட வேலை என்று அவர் நம்பினார். அவரோ வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தொடரைக் கண்ணாடி போட்டு வாசிப்பவர்!

முடிவுக்கு முந்திய அத்தியாயம். இரவு விளக்கணைக்கும் இருட்டடிப்புக்கு முன் அதை அச்சகத்தில் சேர்க்கவேண்டும். எழுதியவர் வாசித்தால் குரல் குற்றத்தை மறைத்துவிடும் என்பீர், ஆகவே உம்முடையதை நான்தான் உரத்து வாசிப்பது. வாசித்தேன். கணவன் மலாயாவில் காலமானான் என்று தந்தி வருகிறது. அவனுடைய தாய் மார்பில் அடித்து, மண்ணில் புரண்டு, பக்கம் பக்கமாக ஒப்பாரி வைக்கிறாள்.

"சரியில்லை. இவ்வளவு சத்தம் போடுறாள், எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்றீர். தந்தியையே வெட்டி எறியக் கத்திரிக்கோலை எடுத்தீர்.

அப்போது கதவு திறந்தது. சாமிப் படத்துக்கு வாங்கிய மல்லிகைச் சரத்தோடு மாமி நின்றார். கணவரை இழந்து வெள்ளைச்சேலை உடுத்தவர். இன்னொருத்தியின் தலையில் பூ வைக்கத் தனக்கு ஆகாது என்று, சரத்தை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கிப் போகிறவர். அன்று உமக்குப் பின்னால் வந்து நின்று தன் கையாலேயே வைத்தார். கொண்டை ஊசி கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி குத்தினார்.

"இண்டைக்கு வைச்சுக்கொண்டிரு, பிள்ளை. மிச்சத்தை நாளைக்குப் பார்ப்பம்."

கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நமக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நான் வாசித்த தந்தியை அவர் அடுத்த அறையில் கேட்டிருக்கிறார். மகன் போய்விட்டான், அதை நாம் மறைக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். பொட்டும் தாலியும் போகுமுன் நீர் ஒரு மாலையாவது பூவோடு இருக்கட்டும் என்று வந்திருக்கிறார்.

"மாமி, அது கதை! பேப்பரிலை வாற கதை. நான்தான் எழுதிறனான்" என்று அவருடைய கையைப் பிடித்தீர்.

"என்னைத் தேத்தவேண்டாம், பிள்ளை. கதையெண்டால் பேப்பரிலை வரும்தானே? வரட்டும், பார்ப்பம்."

அவர் போனதும் நான் உற்சாகத்தில் பறந்தேன். "மாமி செய்ததை எழுதும். இதுதான் அந்தத் தாய்!" என்றேன். நீர் என்னை முறைத்தீர். "அது அவவின்ரை. நான் எடுக்கமாட்டன். அவ கேட்டது கேட்டபடி வரவேணும். ஒரு சொல்லு மாறினாலும் நம்பமாட்டா." நல்லதல்ல என்று தெரிந்த பக்கங்களை, வெட்டாமல், அப்படியே மடித்து என் கையில் தந்தீர். கைக்கெட்டியதை இப்படி விடுகிறீரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே ரெயிலேறினேன்.

அச்சகத்தில் பத்திரிகை ஆசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "ஒப்பாரி நீளம், தங்கச்சி. பாதியை எடுப்பம்."

"ஒரு வரி எடுத்தாலும் ஒரு தாய் சாப்பிடமாட்டா, ஐயா." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை வரை அந்த வீட்டில் மூச்சுவிடவே பயமாக இருந்தது. மாமி சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவார். மாலையானால் பூவோடு வருவார். நீர் தலையைக் குனிந்து காட்டுவீர். பத்திரிகை வந்ததும் வாசல் படலையடியிலேயே நின்று, விரல் வைத்து, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு படியில் உட்கார்ந்தார்.

"அப்ப, எங்களுக்குத் தந்தி வரேல்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, நீ எழுதினதிலை இந்தத் தாய் ஏன் இப்பிடிக் கத்துறாள்? மருமகள் பக்கத்திலை நிக்கிறாளல்லோ? அவளை ஆர் பாக்கிறது?"

அதன் பிறகுதான் அவர் அழுதார், தெருவுக்கே கேட்கும்படி. நீர் அவரைக் கட்டிக்கொண்டீர்.

சண்டை முடிந்து உம்முடைய கணவர் மெலிந்து கறுத்துத் திரும்பி வந்தார். அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

எத்தனையோ கதை எழுதிவிட்டேன். துக்கம் வருகிற இடத்தில் பேனா இன்றும் ஒப்பாரிக்குத்தான் ஓடுகிறது. நிறுத்தி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். அநேகமாக அங்கேதான் கதை இருக்கிறது. இந்தப் பழக்கம் உம்மிடமிருந்து வந்ததா மாமியிடமிருந்து வந்ததா என்று என்னால் பிரிக்கமுடியவில்லை.

போன மாதம் உம்முடைய மகள் தொலைபேசியில் அழைத்து, நீர் போய்விட்டீர் என்றாள். என் பேரப்பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். "ஆர் கதைச்சது, அம்மம்மா?" என்று கேட்டார்கள்.

"ஒரு சிநேகிதியின்ரை மகள். சுகம் விசாரிச்சவள்" என்றேன். எல்லாருக்கும் இன்னுமொரு அகப்பை சோறு போட்டேன்.