முதல் பக்கத்தில் அவர் முகம்

16 செப்டம்பர் 2024, குலசேகரம்

ஓணம் விடுமுறை முடிந்தது. விருந்தாளிகளுக்கான நாலு அறையிலும் ஒரு விரிப்புகூடக் கசங்கவில்லை. போட்ட விரிப்புகளை, வீட்டு வேலைக்கு வரும் சபிதா அப்படியே மடித்து அலமாரியில் வைத்தாள். "மழை பயந்து ஆளு வரல்லியாக்கும் டீச்சரே" என்றாள். என்னைத் தேற்றத்தான். அப்படியொன்றும் மழை இல்லை.

போன ஓணத்துக்கு இடம் போதாமல் என் வீட்டுக்காரர் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார். ரப்பர் விலை விழுந்தபோது இந்த வீட்டைத் தங்கும் வீடாக மாற்றியது அவர்தான். ரயிலில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில் என்று எங்கே யாரைப் பார்த்தாலும் "நம்ம வீட்டுக்கு ஒருக்கா வாருங்க" என்று அழைத்துவிடுவார். விளம்பரம் என்பதே அவர் வாய்தான். நான் கல்லூரிக்குப் போய் இயற்பியல் நடத்திவிட்டு வந்து, என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். விருந்தாளிகளில் பாதிப் பேருக்கு அவருக்கு மனைவி உண்டு என்பதே தெரியாது.

பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். ஜூன் முதல் ஒருவரும் வரவில்லை.

21 செப்டம்பர்

ஜெபதாஸ் வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் தம்பி; குழித்துறையில் ஃபிளெக்ஸ் அச்சகம் வைத்திருக்கிறார். கல்குவாரிக்காரர்கள் தங்கள் ஆட்களுக்காக மொத்த வீட்டையும் வாடகைக்குக் கேட்கிறார்களாம்.

"பூட்டிப் போடதவிட அது கொள்ளாம் மைனி. கிறிஸ்துமஸுக்குள்ள சொன்னாப் போதும்."

முற்றத்தில் லாரி நிற்கும். ரப்பர் மரத்தடியில் எண்ணெய் சிந்தும். சபிதாவுக்கு வேலை இருக்காது. அவர் அண்ணன் பார்த்துப் பார்த்துப் போட்ட ஜன்னல்களில் லுங்கி காயும். யோசிக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

"வெப்சைட்டைப் பாத்துட்டுமா ஆளு வரல்ல?" என்று கேட்டார். ஜூனில் அவரே செய்து தந்த இணையதளம். "துபாயில இருந்து நம்ம மாமன் மவன் ஷாஜன் ஃபோன்ல விளிச்சான். பாத்து அழுதுட்டானாம்."

எனக்கு இணையதளத்தில் நம்பிக்கை இல்லை. கடைக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாட்டிக்கொள்ளும் அலங்காரம் என்று நினைக்கிறேன். அன்று ஃபோனில் ஜெபதாஸ் காட்டியபோது படத்தில் என் கணவரின் நெற்றி பாதி தெரிந்தது. "நல்லாயிருக்கு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன்பிறகு திறக்கவில்லை.

9 அக்டோபர்

பூஜை விடுமுறைக்கும் யாரும் அறை கேட்கவில்லை.

10 அக்டோபர்

திருப்பூரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். "நீங்க இன்னும் நடத்துறீங்களாங்க?"

"நடத்துகிறோம். ஏன்?"

"இல்லீங்க... சைட்டைப் பாத்தா... சரிங்க, வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்." வைத்துவிட்டாள்.

கல்லூரிக் கணினியில், மாணவர்கள் போன பிறகு, திறந்தேன்.

திறந்ததும் பாட்டு. அடக்க ஆராதனையில் பாடுவதை யாரோ கீபோர்டில் வாசித்திருக்கிறார்கள். கறுப்புப் பின்னணி. திரை முழுக்க அவர், கோட் போட்டு. மேலே ஒரு வேத வசனம், இரண்டு பக்கமும் புறா, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். அதற்கும் கீழே, ஃபிளெக்ஸில் போடுவதுபோல, வட்டவட்டமாகக் குடும்பத்தார் முகங்கள். அதில் நானும் இருக்கிறேன். ஸ்டுடியோ வெளிச்சத்தில் கண் மூடிக்கொண்டிருக்கிறேன். அறைகளின் படம் ஒன்றுகூட இல்லை. எப்படி வர வேண்டும், கார் மேலே ஏறுமா, என்ன சாப்பாடு, எதுவும் இல்லை. எல்லா முகங்களையும் தாண்டி அடியில், மங்கலான சாம்பல் எழுத்தில் என் எண்.

ஜெபதாஸ் செய்யத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். நம் ஊர் நாற்சந்திகளில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்தானே போர்டு அடிக்கிறார். கர்த்தரே, நாலு மாதமாக ஊர் உலகத்துக்கெல்லாம் சாவு போர்டைக் காட்டி வா வா என்று கூப்பிட்டிருக்கிறோம்! நான் ஏன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை?

பாட்டை நிறுத்தும் பொத்தானைத் தேடித் தேடி, கடைசியில் கணினியையே அணைத்தேன்.

14 அக்டோபர்

முன்பின் தெரியாத ஒருவரை நானாக அழைத்துப் பேசியது எப்போது? நினைவில்லை. இன்று திருப்பூர்ப் பெண்ணை அழைத்தேன். ஏன் வரவில்லை, மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எங்க பசங்க ஒரே ஆட்டம் போடுவானுங்க. துக்கமா இருக்குற வீட்டுல போய் நாம சிரிச்சுக்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்னு வீட்டுக்காரர் சொன்னாருங்க. அதான்."

வசதி போதாது என்றோ வாடகை அதிகம் என்றோ அல்ல. மரியாதைக்காக வரவில்லை. என் துக்கத்துக்கு இடம் விட்டு விலகிப் போயிருக்கிறார்கள், முகம் தெரியாத எத்தனை குடும்பங்களோ.

18 அக்டோபர்

குழித்துறை அச்சகத்தில் ஜெபதாஸ் ஒரு கல்யாண ஃபிளெக்ஸை வெட்டிக்கொண்டிருந்தார். படத்தை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"யாரு படத்த?"

"முதல் பக்கத்தில் இருக்கிறதை. பாட்டையும். வருகிறவர்களுக்கு அறை தெரிய வேண்டும், ஜெபதாஸ். அவர்கள் நம்மைத் தேடி வரவில்லை. தங்க இடம் தேடுகிறார்கள்."

கத்தியைக் கீழே வைத்தார். "அண்ணன் கெட்டின வீட்டுல இருந்து அண்ணனைத் தூக்கி வெளியில வைக்கச் சொல்லுதிய. எட்டு மாசம் ஆவல்ல மைனி!"

"வீட்டிலிருந்து இல்லை..."

"உறங்காம இருந்து செய்தேனாக்கும் அதை. ஒரு பைசா வாங்கினேனா? இப்போ கொள்ளாதுண்ணு சொல்லுதிய. இனி நீங்க படிச்சவங்க, உங்க இஷ்டம்."

அந்த 'படிச்சவங்க' வலித்தது. நான் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குப் புரிந்திருக்குமோ? இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான் அடக்கத்தன்றும் சத்தமாக அழாதவள். அதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

20 அக்டோபர், ஞாயிறு

ஆலயத்தில் ஜெபதாஸ் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்.

2 நவம்பர்

நாகர்கோவிலிலிருந்து நந்தனா வந்தாள். இணையதளம் வடிவமைக்கிறவள். என்னிடம் படித்தவள் இல்லை, அதுவே நிம்மதி. பழையதைத் திறந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காக அவளைப் பிடித்தது.

"மேடம், வாறவங்க வந்ததும் முதல்ல என்ன கேப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் இந்த வீட்டில் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. சபிதாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

9 நவம்பர்

முதல் பக்கத்துக்கு 'இயற்கை அன்னையின் மடியில்' என்று நந்தனா எழுதி அனுப்பியிருந்தாள். அடித்துவிட்டு நானே எழுதினேன். நாலு அறை. சுற்றிலும் ரப்பர் மரங்கள். கார் வாசல் வரை வரும். மதியம் மீன் குழம்பு உண்டு. மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி உண்டு.

"அட்டையைப் போடணுமா மேடம்? ஓடிருவாங்க!"

"இருக்கிறதே."

சிரித்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள். "உங்க படமும் வேணும். வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியாம பொம்பளைங்க பதிவு பண்ண மாட்டாங்க." முடியாது என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

அவரைப் பற்றித் தனியாக ஒரு சிறிய பக்கம். 'இந்த வீட்டைத் தங்கும் வீடாக மாற்றியவர் ஜெபசீலன்' என்று எழுதினேன். இறந்த தேதியை எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதி, திரும்ப அடித்தேன். இது துரோகமா? அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

17 நவம்பர்

படம் எடுக்கச் சம்மதித்தேன். சமையலறை வாசலில், கண்ணாடியோடு. சிரிக்கச் சொன்னாள். முயன்றேன்.

25 நவம்பர்

புதியது வந்து நாலு நாள். ஒரு அழைப்பும் இல்லை. 'மைனி அண்ணனை மாத்திட்டு தன் படத்தப் போட்டா' என்று ஜெபதாஸ் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சபிதா மெதுவாகச் சொன்னாள். பொய் என்று சொல்ல முடியாது. நடந்தது அதுதானே? அவரையும் எடுத்துவிட்டு, தம்பியையும் இழந்துவிட்டு, வீட்டையும் குவாரிக்குக் கொடுக்கப்போகிறேனா?

4 டிசம்பர்

மதுரையிலிருந்து இரண்டு ஆசிரியைகள், ஒரு அறை. "உங்களப் பாத்ததும் எங்க எச்.எம். மாதிரியே இருந்துச்சு, பயமா இருந்துச்சு, அதான் நம்பிப் பதிவு பண்ணோம்" என்றாள் ஒருத்தி. அவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியையைச் சொல்கிறாள். பாராட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

11 டிசம்பர்

திருப்பூர்ப் பெண் அழைத்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு, பையன்களோடு.

26 டிசம்பர்

நேற்று ஜெபதாஸ் வீட்டிலிருந்து கேக் வந்தது. மனைவி கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவர் வரவில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் நானே போக வேண்டும். கதவைத் திறப்பாரா, தெரியாது.

திருப்பூர்ப் பையன்கள் மாடிப்படியில் ஏறி இறங்கி இரைகிறார்கள். "ஏலே, பைய ஏறு! விழுந்து பல்லு போவும்!" என்று சபிதா அதட்டும் சத்தம் அதைவிடப் பெரிது. என் அறைக் கதவு திறந்தே கிடக்கிறது. யாராவது ஒருவர் ஏதாவது கேட்க வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் குவாரிக்காரர் அழைத்தார். என்ன முடிவு என்று கேட்டார்.

இடமில்லை என்றேன்.