ஏரியைப் பள்ளம் என்று எழுதியவனுக்கு

என் உயிர் மச்சான் துரைக்கு,

செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன், கேட்டுக்கொள்.

ஆவடியில் நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் பாதியைத் தூர்த்துவிட்டார்கள். லாரி லாரியாக மண் வந்து கொட்டுகிறது. மனை பிரித்துக் கல்லும் நட்டாகிவிட்டது.

தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். அங்கிருந்த அதிகாரி, ஃபைலுக்குள்ளிருந்து நம் குவார்ட்டர்ஸ் சங்கத்தின் பழைய ஆண்டு மலரை எடுத்துப் போட்டார். மனை விற்கிறவன் கொண்டுவந்து கொடுத்ததாம். "உங்க மலர்லயே பள்ளம்னுதானே போட்டிருக்கீங்க? இப்ப வந்து ஏரிங்கறீங்க" என்றார். பார்த்தால் உன் கட்டுரை.

என்னடா எழுதி வைத்திருக்கிறாய்? ஏரி 'கழிவுநீர் தேங்கிய பள்ளம்'. கோரை 'புதர்'. நாரையும் நீர்க்கோழியும் 'பறவைத் தொல்லை'. ஆனால் கேன்டீன் வாசலில் தொட்டியில் வைத்த நாலு குரோட்டன்ஸ் மட்டும் 'இயற்கையின் எழில்'! தொட்டிக்குள் அடங்கி நின்றால் எழில், தானாக முளைத்தால் புதரா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் வாசலில் சைக்கிள் மணி அடிப்பவன் நீதானே? "தூண்டில் எடுத்துகினு வா மச்சான், ஏரியாண்ட போலாம். கெளுத்தி ஏறிகினு கீது." ஒரு நாளாவது பள்ளத்துக்குப் போகலாம் என்று கூப்பிட்டாயா? உன் வாய்க்கும் பேனாவுக்கும் அப்படி என்னதான் பகை?

உன் மகளுக்கு மலேரியா வந்த வருஷம் அது, தெரியும். கொசு மருந்து கேட்டு எழுதியிருக்கலாமே. ஏரியையே வைதுவிட்டாய். உன்னை மட்டும் சொல்லி என்ன, அதை வரிக்கு வரி டைப் அடித்து, நல்ல நடை என்று உன் முதுகில் தட்டியவன் நான்தான். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருஷ மலரில் உன் நினைவாக அதே கட்டுரையை மறுபடி போட வேண்டுமாம், சங்கத்து முடிவு. என்னால் முடியாது என்று சொல்ல உன் வீட்டுக்குப் போனேன். உன்னைக் கட்டிக்கொண்ட தங்கச்சிக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"பள்ளம்னா எழுதிச்சு? ஊட்ல ஏரின்னுதாண்ணா சொல்லும்" என்றாள்.

மீதிப் பாதியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, மச்சான். மலரில் உன் படத்துக்குக் கீழே, நீ என் வாசலில் நின்று கூப்பிட்டதைத்தான் போடுவேன், ஒரு எழுத்து மாற்றாமல். அதையே அடுத்த மனுவோடு சேர்த்து அந்த அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைப்பேன். இது சத்தியம்.

உன் மேல் கோபம் தீராத
உன் மச்சான்