பக்கத்து அறைச் சிரிப்பு

பிப்ரவரி 7, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. மகளுக்குப் பழைய ஷூ காலில் ஏறவில்லை. போட்டுப் பார் என்று போன வாரமே சொன்னேன். "ஒரு வாரத்துல கால் வளந்துடுமா?" என்று கேட்டாள். எதற்கும் ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். கடைசியில் வீட்டுச் செருப்போடுதான் போனாள். வாசலில் நின்ற டீச்சரை நிமிர்ந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர் இவ்ளோ குள்ளமாப்பா?" இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் கழுத்துவரை பார்த்தவர்.

தொற்று இறங்கிக்கொண்டே வருகிறதாம். அடுத்த மாதம் அலுவலகங்கள் முழுதாகத் திறக்குமாம். அதாவது, எனக்கு வேலை குவியப் போகிறது. ஓடுகிற லிஃப்ட்டைவிட ஓடாமல் நிற்கிற லிஃப்ட்தான் சீக்கிரம் கெடும்.

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். இத்தனை நாளும் ஹாலில் வக்கீலின் ஆன்லைன் வகுப்பு அலறும். இன்று வீடு கப்சிப். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதுதான் இரண்டு வருடமாக மனைவியின் ஆபீஸ். காப்பீட்டு நிறுவனத்தில் புகார்ப் பிரிவு அவளுக்கு. உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. "நான் பேசறது கேக்குதா? கேக்கலைன்னா கை தூக்குங்க." ஒரு கணம் பகீர் என்றது. பிறகுதான் புரிந்தது. பேசியது அவள். அவளுடைய மேனேஜரைப் போல.

கம்ப்யூட்டருக்குள் நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு மேலே அவள் சிரிப்பு. எவர்சில்வர் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டு ஓடி நிற்பது மாதிரி. கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருடம். அவள் புன்னகை எனக்குத் தெரியும். இது யாருடைய சிரிப்பு?

பிப்ரவரி 8, செவ்வாய்

ஷூ வாங்கியாயிற்று. ஓர் அளவு பெரிது.

பிப்ரவரி 10, வியாழன்

இன்றும் சாப்பாட்டுக்கு வீடு வந்தேன். வேலை நடக்கிற கட்டடம் பக்கம்தான், அதனால் என்று எழுதலாம். உண்மை அதுவல்ல. தட்டைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைச் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். சத்தத்தை வைத்துத்தான் என் பிழைப்பு. அதாவது, மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்பதைக் கதவைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற ஒருத்தியின் குரல் தெரியாமல் போயிருக்கிறது.

இன்று இரண்டு பேரைப் போலப் பேசிக் காட்டினாள். கத்துகிற வாடிக்கையாளர் ஒருவர். கத்திவிட்டு அழுகிற ஓர் அம்மா. அந்த அம்மாவைச் செய்யும்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. "பாவம்ல?" என்று இவள் தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. இவள் என்னையும் செய்வாளோ?

சாயங்காலம் வக்கீலிடம் போனேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "அதாவது, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். நான் எதையுமே கேட்கவில்லை. அதற்குள் அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"அம்மா என்னை மாதிரி பேசிக் காட்டுவாளா?"

"அத நான் சொல்ல முடியாது."

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிருக்கேன்."

அப்ப இருக்கு. என்னத்த பண்றா? இருமலையா? நான் சாப்பிடற விதத்தையா? அவ்ளோ பேர் முன்னாடியா? — சரி, நாளைக்கு வேலை இருக்கிறது. மூடி வைக்கிறேன்.

பிப்ரவரி 13, ஞாயிறு

வெளியிடங்களில் மாஸ்க் கட்டாயமில்லை என்று காலையில் செய்தி. மத்தியானம் மூன்று பேரும் கடைவீதிக்குப் போனோம். பாதிப் பேர் போட்டிருந்தார்கள். பாதிப் பேர் போடாமல், போட்டவர்களைப் பார்த்துக் கூச்சப்பட்டார்கள். நான் தாடையில் தொங்கவிட்டிருந்தேன், இரண்டு கட்சிக்கும் பொதுவாக.

பெரிய கடையின் லிஃப்ட்டில் ஒரு பெண் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. கயிறு ஒன்றல்ல, ஆறு, ஒன்று மட்டும் இருந்தாலே பெட்டி நிற்கும், பயப்பட ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். மூன்றாவது மாடி வருவதற்குள் முடியவில்லை, அதனால் அவளோடு இறங்கி நின்று முடித்தேன். மனைவி தரையைப் பார்த்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. இருமுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்து விலகினார்கள்.

வரும் வழியில் அவளைச் சிரிக்க வைத்துப் பார்ப்போம் என்று வேலையிடத்து நகைச்சுவை ஒன்றைச் சொன்னேன். "நல்லா இருக்கு" என்றாள். அதைவிட அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 16, புதன்

அவள் ஆபீஸிலிருந்து மெயில் வந்திருக்கிறது. மார்ச் ஏழாம் தேதி திறக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது.

"வீட்டுலயே இருந்துடலாம்னு பாக்கறேன்" என்றாள்.

"ஏன்?"

"இவ மூணு மணிக்கு வந்துடுவா. வீட்டுல யார் இருக்கா?"

"அதுவும் சரிதான்" என்றேன். எனக்கும் வசதிதான். வந்து உட்கார்ந்ததும் சூடாக டீ வரும். ஆனால் அவள் அதைச் சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன வேகம் என்னவோ போலிருந்தது.

பிப்ரவரி 19, சனி

இன்று வேலை அவள் கட்டடத்தில். இரண்டு லிஃப்ட், இரண்டும் மாதக்கணக்கில் நின்றவை. முதல் அலையின்போது லிஃப்ட் தரையில் நான்கு ஜோடிப் பாத ஸ்டிக்கர்கள் ஒட்டினேன், ஆளுக்கு ஒரு மூலை, முகம் சுவரைப் பார்க்க. அவை அப்படியே இருக்கின்றன. யாரும் மிதிக்காததால் ஒட்டிய அன்றைக்குப் போல் புதிதாக இருந்தன.

ஆறாவது மாடிக் கதவைச் சரிபார்க்கும்போது அவள் ஆபீஸ் திறந்து கிடந்தது. துப்புரவுக்காரர்கள் வந்திருந்தார்கள். உள்ளே போக எனக்கு எந்த வேலையும் இல்லை. போனேன்.

அவள் இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. தடுப்பில் வக்கீலின் போட்டோ இருந்தது, முன்பல் இரண்டும் விழுந்த வயதில் எடுத்தது. தொட்டியில் ஏதோ ஒரு செடி, காய்ந்து குச்சியாகி. காலண்டர் இரண்டு வருடத்துக்கு முந்தைய மாதத்தில் நின்றிருந்தது. எல்லா மேஜைகளிலும் அப்படித்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். மற்ற மேஜைகளுக்கு ஆளுக்கு ஒரு நாற்காலி. அவள் மேஜையைச் சுற்றி மட்டும் நாலு. ஒன்று அவளுடையது. மூன்று வெவ்வேறு மேஜைகளிலிருந்து இழுத்துவரப்பட்டவை. கடைசி நாள் எல்லோரும் அவசரமாக எழுந்து போயிருக்கிறார்கள், திருப்பிப் போடக்கூட இல்லை. தரைவிரிப்பைப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் சக்கரம் உருண்டு உருண்டு நூல் பிரிந்திருந்தது. அதாவது, அது ஒருநாள் கூட்டம் அல்ல.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். உட்காரவில்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் இடத்துல நாலு நாற்காலி கெடக்கு."

கை நின்றது. "இன்னும் அப்படியேவா இருக்கு?"

பிறகு கேள்வி மேல் கேள்வி. செடி? ஜன்னல் பக்கம் திரை மாற்றினார்களா? பக்கத்து மேஜையில் பச்சைக் குடை தொங்குகிறதா? அது அவள் தோழியுடையதாம். ஊரடங்கு அறிவித்த அன்று நல்ல மழையாம், அப்படியும் மறந்துவிட்டு ஓடினாளாம். குடையை நான் கவனிக்கவில்லை. எத்தனை லிஃப்ட் பார்த்து என்ன, ஒரு குடை கண்ணில் படவில்லை.

"போயேன்" என்றேன்.

"மூணு மணிக்கு?" என்றாள். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 21, திங்கள்

சூப்பர்வைசரிடம் காலை ஷிஃப்ட் கேட்டேன். விடியுமுன் கிளம்ப வேண்டும், இரண்டு மணிக்கு முடிந்துவிடும். "அத யாருமே கேட்டு வாங்க மாட்டாங்களே, வீட்டுல சண்டையா?" என்றார்.

பிப்ரவரி 24, வியாழன்

ஷிஃப்ட் மாறியதைச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்காகப் பண்றீங்களா, இல்ல லிஃப்ட் பாக்கற சாக்குல வந்து நான் அங்க என்ன பண்றேன்னு பாக்கறதுக்காகப் பண்றீங்களா?"

மாட்டிக்கொண்டேன். இவளுக்கு எப்படித் தெரியும்? வக்கீல் கட்சி மாறியிருக்க வேண்டும். அல்லது தட்டோடு சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்ததை இவளே பார்த்திருப்பாள்.

"ரெண்டும்தான்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. உதட்டோரம் ஏதோ வந்தது, வந்து நின்றுவிட்டது. வீட்டில் எப்போதும் அதோடு சரி.

பிப்ரவரி 26, சனி

எங்கோ புது வகைக் கிருமி என்று டிவியில் கீழே எழுத்து ஓடுகிறது. மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். வக்கீல், "மறுபடி மூடிடுவாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதாவது என்றுகூடச் சொல்லவில்லை. விளக்க என்னிடம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 28, திங்கள்

அந்தப் புதுக் கிருமி அத்தனை மோசமில்லை என்கிறார்கள் இப்போது. நாளைக்கு என்ன சொல்வார்களோ.

மத்தியானம் மூன்றரை மணிக்கு நானும் வக்கீலும் ஹாலில் இருந்தோம். படுக்கையறைக் கதவு திறந்தது. "வர்றேன்னு மெயில் போட்டுட்டேன்" என்றாள். போட்டுவிட்டுப் பயந்தவள் போலக் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வக்கீல் கைதட்டினாள். எனக்கு மகிழ்ச்சியும் இருந்தது, ஒரு குறையும் இருந்தது. இனி அந்தச் சிரிப்பை ஒட்டுக் கேட்கச் சுவர் இல்லை.

மார்ச் 4, வெள்ளி

அவள் கட்டடத்து லிஃப்ட்டில் பாதங்களைச் சுரண்டி எடுத்தேன். லேசில் வரவில்லை. பச்சைக் குடை இருக்கிறது.

மார்ச் 7, திங்கள்

திறப்பு நாள் என்பதால் எனக்கு அவள் கட்டடத்திலேயே காவல் மாதிரி வேலை. விடியுமுன் போய்விட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை என்று நினைத்து மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. கை கொடுப்பதா வேண்டாமா என்று பாதியில் கையை நிறுத்துகிறார்கள். "நீங்க இவ்ளோ உயரமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். வக்கீலின் கேள்விதான். பாதங்கள் போனதும் நான்கு பேர் என்ற கணக்கும் போய்விட்டது. இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

இடதுபக்க லிஃப்ட் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றது. மணி அடித்தது. படியில் ஓடினேன். ஐந்தாவது மாடிக் கதவில் காதை வைத்தேன், அது வழக்கம்தான், உள்ளே யாருக்காவது மூச்சுத் திணறலா என்று தெரிய வேண்டும். ஓர் ஆள் "கயிறு அறுந்துடுமா? அறுந்துடுமா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பெண் அழ ஆரம்பித்திருந்தாள்.

அப்போது உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரும்பில் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது.

"அதாவது," என்றது ஒரு குரல், "கயிறு ஒண்ணு இல்ல. ஆறு. ஒண்ணு மட்டும் இருந்தாலே இந்தப் பொட்டி நிக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல. யாரோ கதவுல சாஞ்சிருக்கீங்க, அதான் நின்னுடுச்சு. யாருன்னு கேக்க மாட்டேன். நீலச் சட்டை கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

முதல் சிரிப்பு வந்தது. என் குரல். என் இழுவை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நான் விடுகிற மூச்சுகூட.

"காத்து வருமான்னு கேப்பீங்க. வரும். எப்படி வரும்னா—"

"போதும், விளக்க வேண்டாம்" என்றார் யாரோ, சிரிப்பில் மூச்சு வாங்க.

"நான் ஆரம்பிச்சா முடிக்காம விட மாட்டேன். நீங்க இறங்கினாலும் கூடவே வருவேன்."

அழுத பெண்தான் கேட்டாள், குரல் இன்னும் நடுங்கியது. "யாராச்சும் வருவாங்களாக்கா?"

இவள் தன் சொந்தக் குரலில் சொன்னாள். "வருவாரு. விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி வந்துட்டாரு. இங்கதான் இருப்பாரு."

மோட்டார் அறைக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடினேன். ஆனால் உடனே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போக ஒரு நிமிடம் ஆனது. அது விதிமுறையில் கிடையாது.

லிஃப்ட்டை ஐந்தாவது மாடிக்கு ஏற்றிக் கதவைத் திறந்தபோது அவள் ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேர் நின்றார்கள். நீலச் சட்டைக்காரர் என் சீருடையைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "அதாவது?" என்றார்.

எட்டுப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள். இரண்டு வருடம் கம்ப்யூட்டரில், அதற்கு முன் அந்த நாலு நாற்காலியில், என்னை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கேலியாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். கேலிதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது மாதிரி, "இப்ப ஷிஃப்ட் மாத்திட்டீங்களாமே?" என்றும் கேட்டார்கள். இவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. பொத்திய கைக்குள் அந்த டம்ளர் உருண்டுகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு வக்கீல் வந்தாள். ஆறேகாலுக்கு இவள் வந்தாள். நான் போட்ட டீயில் சர்க்கரை அதிகம். ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். எங்கே மறுபடி பழையபடி ஆகிவிடுமோ என்று எனக்கு இருந்தது.

"நான் அப்படியா பேசறேன்?" என்று கேட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமினாள். மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அம்மா, இருங்க இருங்க" என்று உள்ளேயிருந்து வக்கீல் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நானும் என் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.