திரையில் உன் தம்பி வீட்டில் இருந்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம், மனசுக்கு என்னைத் தவிர எல்லோரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், வேறு வழி? போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், "அவகிட்ட சொல்லிடாதே, ஏழு நாட்டு அதிகாரிங்களுக்குக் கடல் பாதுகாப்புப் பாடம் எடுக்கிறவ, அவமானமாப் போயிடும்" என்கிறார். அதனால் அவர் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

போன வாரம் தம்பியின் படகு இன்ஜின் நின்றுபோய், பக்கத்து நாட்டு ரோந்துக் கப்பல் இழுத்து வந்த கதையை உன் தோழி சொல்லியிருப்பாள், அவள்தானே அந்தக் கப்பலில் அதிகாரி. அவன் மூக்கைப் பார்த்தே உன் தம்பி என்று கண்டுபிடித்துவிட்டாளாம், டீயும் கொடுத்துத் திட்டும் கொடுத்தாளாம், மகராசி. ஆனால் பாதிக் கதை அவளுக்குத் தெரியாது. அன்று காற்று ஏறிக்கொண்டே இருந்தது, விடிந்து வரவேண்டியவன் மதியமாகியும் வரவில்லை. படகுகளைக் கண்காணிக்கிற துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டி, "உங்க பையன் படகு எடுக்கவே இல்லம்மா, வீட்டுலதான் இருக்கான், போய் நல்லாத் தேடிப் பாருங்க" என்றார். நானும் பைத்தியம்போல வந்து, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துக் கத்தினேன். அப்போதுதான் சமையலறை ஜன்னல் திரைக்குப் பின்னால் பச்சையாக ஒரு விளக்கு மினுங்கியது. நீ உன் கையாலேயே படகு படகாக மாட்டிவிட்டாயே, படகு எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டுகிற அந்தச் சிக்னல் பெட்டி! அணைத்தால் அங்கே மணி அடிக்கும், படகில் இருந்தால் அவன் வலை போடுகிற இடம் மற்ற படகுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று நம் வீட்டுத் துரை கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி அந்தக் கட்டுப்பாட்டு அறைக்காரர் மேசைமேல் வைத்தேன். நீங்கள் எல்லா நாட்டுக்காரர்களும் கூடி ஏற்படுத்திய பொது வயர்லெஸ்ஸில் அவர் கூப்பிட்ட பிறகுதான் அந்தக் கப்பல் தேடிப் போயிற்று.

இன்று மறுபடியும் போயிருக்கிறான். பெட்டியைப் படகிலேயே கட்டிவிட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் சத்தியம் எனக்குத் தெரியாதா? மாவு டப்பா, துணி மூட்டை, பரண் எல்லாம் துழாவிவிட்டேன், இல்லை. இந்தக் கடிதத்துக்கு நடுவிலும் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, பயமாக இருக்கிறது. அப்பா என்ன சொன்னாலும் இதை உன் வகுப்பில் சொல்லிவிடு. சிரித்தால் சிரிக்கட்டும், அந்த ஏழு நாட்டிலும் இப்படி எத்தனை பெட்டி எத்தனை ஜன்னலில் இருக்கிறதோ, அங்கேயும் அம்மாக்கள் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் தாயே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் வகுப்பறைத் திரையில் நம் கடலும் தெரியும் என்றாயே, தினமும் ஒரு தடவை தம்பியின் புள்ளியைப் பார். நடுக்கடலில் தன்னந்தனியாக இருந்தால் நிம்மதியாகப் பாடம் நடத்து. நம் வீட்டில் பத்திரமாக இருப்பதாகக் காட்டினால் மட்டும் உடனே எனக்குப் போன் பண்ணு.

ஜன்னலைப் பார்த்தபடியே,
உன் அம்மா