பவர் பட்டனில் வைத்த பொட்டு

இன்று காலை ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியதும் பன்னீர் வாசனை குப்பென்று வந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு உன் நாற்காலியைத்தான் பார்த்தேன். அதில் இப்போது வாடிக்கையாளர்களின் பைகளை வைக்கிறேன். நீ இல்லாமல் வந்த முதல் ஆயுத பூஜை முடிந்து, விடுமுறையும் கழிந்து, கம்பெனிகள் திறந்த காலை. இந்த வாசனை இன்று எப்படியும் வரும் என்று எனக்குத் தெரியும். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கொண்டுவந்தவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிற பெண். புதிதாகச் சேர்ந்தவள், ஒப்பந்த வேலை. லேப்டாப் கம்பெனியுடையது. வார்ப்புகளை வாங்குகிற இடத்திலிருந்து மதியம் ஆட்கள் வந்து சோதனை அறிக்கைகளைப் பார்க்கப் போகிறார்கள். அறிக்கைகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. "யார் கை பட்டுக் கெட்டுச்சுன்னு நானே கடைக்குப் போன் பண்ணிக் கேக்கறேன். உன் கைதான்னா திரும்ப வராத" என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று மூடியைக் கழற்றும் முன்பே கேட்டிருந்தேன்.

"ஒண்ணும் பண்லக்கா. தானாவே ஆன் ஆவல."

தானாவே! இந்த வார்த்தைக்கு நீ எப்படிச் சிரிப்பாய். புதுவாயல் கூட்டுரோட்டில் நாம் கடை போட்ட நாள் முதல் வந்த மெஷின்கள் எல்லாம் தானாகவே கீழே விழுந்தவை, தானாகவே டீ குடித்தவை.

நாம் இருவரும் ஒரே கம்பெனியில் சர்க்யூட் போர்டு லைனில் நின்றவர்கள். வேலையை விட்டுக் கடை போட்டபோது, யாரும் சொல்லாமலே பங்கு பிரிந்தது. பேச்சு உனக்கு, ஸ்க்ரூ டிரைவர் எனக்கு. கைவேலையில் உன்னைவிட நான்தான் கெட்டிக்காரி. நீ இருந்தபோதே உன் முகத்துக்கு நேராக இதைச் சொன்னவள், நீ போய்விட்டாய் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கடையின் முதல் ஆயுத பூஜை உன்னுடையது. சால்டரிங் அயர்ன், மீட்டர், மேசை விளக்கு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாய். பில் போடுகிற நம் லேப்டாப்புக்கும் வைத்தாய், அதுவும் சரியாகப் பவர் பட்டன் மேலேயே. பன்னீர் வேறு தெளித்தாய். அடுத்து கடை திறந்தபோது அது எழவில்லை. நான் சார்ஜரை மாற்றிப் பார்த்தேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், கடைசியில் மதர்போர்டு போய்விட்டது என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். நீ நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்தபடி எட்டிப் பார்த்தாய்.

"போர்டாவது ஒண்ணாவது. நா பொட்டு வச்ச எடத்த பாருடி மொதல்ல."

பட்டனுக்கு அடியில் சந்தனம் இறங்கிக் காய்ந்து, அமுங்கியது அமுங்கியபடியே ஒட்டியிருந்தது. ஏன்டி அங்கே போய் வைத்தாய் என்று கத்தினேன். "லேத்துக்கு எங்க வெக்கிறாங்க? ஸ்விட்ச்சுக்குத்தான? மெஷினுக்கு நெத்தி அதான்டி" என்றாய், இட்லியை மென்றுகொண்டே.

நீ மட்டுமா? இந்தப் பக்கத்தில் லேத் பட்டறை, லாரி ஷெட், ரைஸ் மில் எங்கே பார்த்தாலும் முதல் பொட்டு சுவிட்சுக்குத்தான். அதே பழக்கத்தில் கை லேப்டாப்புக்கும் போய்விடுகிறது. வருஷம் தவறாமல் பூஜைக்கு மறுவாரம் நமக்கு இப்படி வேலை வந்தது.

ஒருமுறை லாரி ஷெட்டில் கணக்கு பார்க்கிறவருக்காக நாம் போட்ட சண்டையும் இதனால்தான். அவர் பொட்டு வைத்துக் கெட்ட லேப்டாப்புக்கு அவருடைய முதலாளி வந்து காரணம் கேட்டபோது, "ஈரம் எறங்கிடுச்சு சார்" என்று முடித்துவிட்டாய். கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே, நாளைக்குத் தெரிந்தால் கடைப் பேர் என்ன ஆகும் என்று நான் குதித்தேன்.

"சாமி கும்ட்டதுக்கு ஒருத்தன் வேலைய புடுங்கறதா? மெஷின எழுப்பறதுதான்டி நம்ம வேல. ஆள சாய்க்கறது இல்ல."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் வரை உன்னோடு பேசவும் இல்லை.

இன்றைக்கு வருகிறேன். பன்னீர் வாசனை வந்துவிட்டது, விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஈரம் எங்கே, எவ்வளவு போனது என்று தெரியாமல் மின்சாரம் கொடுத்தால் போர்டே கருகும், அறிக்கைகளும் அதோடு போகும். அந்தப் பெண்ணோ வாயைத் திறக்கவில்லை. பேச்சுக் கொடுத்து உண்மையைக் கறக்கிற உன் வேலையை நான் செய்ய வேண்டியிருந்தது. "எங்க கடையிலயே மொத வருஷம் என் கூட்டாளி பவர் பட்டன் மேல பொட்டு வச்சு, நாங்க பட்ட பேஜாரு இருக்கே" என்று ஆரம்பித்தேன். நீ சொல்வதில் பாதி சுவாரசியம்கூட இல்லை. அதுவே போதுமாக இருந்தது.

"நானும் அங்கதாங்க்கா வெச்சேன்" என்று அழுதேவிட்டாள். "ஆப்பரேட்டர் அண்ணனுங்கல்லாம் ஸ்விட்ச்சுக்கு வெச்சாங்க. அதப் பாத்துதான் வெச்சேன். பன்னீர் லேசாத்தான் தெளிச்சேன், பட்டன் பக்கம் மட்டுந்தான்."

பிறகு என் ராஜ்ஜியம். பேட்டரி இணைப்பை எடுத்தேன். பட்டனின் பட்டை ஒயரைக் கழற்றினேன். போர்டில் ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மின்சாரம் கொடுத்து, பட்டன் செய்கிற வேலையை இடுக்கி முனையால் செய்தேன். மின்விசிறி சுழன்றது. பட்டன்தான் குற்றவாளி, வேறெதுவும் இல்லை. ஸ்பிரிட்டில் தொட்ட பிரஷ்ஷால் சந்தனத்தைக் கரைத்து எடுத்து, காயவைத்து, மறுபடி மாட்டினேன். திரை வந்தது. அறிக்கைகள் அப்படியே இருந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

இத்தனை பேரிடம் உண்மையைக் கறந்த நீ, உன் உடம்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலை வைத்துக்கொண்டே கடைக்கு வந்தாய். கேட்டதற்கு "தானா சரியாப் பூடும்டி" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

மேனேஜர் சொன்னபடியே போன் செய்தார். "இன்னாம்மா ஆச்சு அதுக்கு? அந்தப் பொண்ணு எதனா பண்ணிச்சா?"

அவள் என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். எனக்குப் பொய் சரளமாக வராது. இப்போதும் வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

"ஈரம் எறங்கி பட்டன் ஒட்டிக்கிச்சு சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "பொண்ணு ஒடனே எடுத்துக்கினு வந்ததால போர்டு தப்பிச்சிது. ரெண்டு நாள் போட்டு வச்சிருந்தா புது லேப்டாப்தான் வாங்கணும். அந்தப் புள்ளைய நீங்க மெச்சிக்கணும் சார்."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "சரிம்மா, சீக்கிரம் அனுப்பி வை. அந்தக் கடையில ரெண்டு பேர் இருப்பீங்களே, நல்லா வாயடிக்கிற அக்காதான நீ?"

"ஆமா சார், நான்தான்" என்றேன்.